ஹெட் கேஸ்கட் போச்சு சார்... ஆதாரம் எங்கேங்க?

"சார், ஹெட் கேஸ்கட் போச்சு. எஞ்சினைப் பிரிக்கணும். முப்பதாயிரத்துக்கு மேல ஆகும்."

இந்த மூணு வரியைக் கேட்டு, மறு பேச்சுப் பேசாம "சரி, பண்ணிடுங்க" என்று தலையாட்டினவங்க எல்லாம் கையைத் தூக்குங்க பார்க்கலாம். கூச்சப்படாதீங்க. என் கைதான் முதல்ல தூக்கியிருக்கு.

நான் பேங்க்ல குப்பை கொட்டறவன். ஒரு விவசாயி வந்து ஒரு லட்ச ரூபாய் கடன் கேட்டா, பஹணி எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, ஜாமீன்தார் எங்கே, பழைய பாக்கி இல்லைன்னு மத்த பேங்க் சர்டிபிகேட் எங்கேன்னு அவரை நாலு நடை நடக்க விடற ஆள். நூறு ரூபாய் வவுச்சர்ல கையெழுத்து இல்லைன்னா ஆடிட்டர் என்னைக் காய்ச்சி எடுப்பார். அப்படிப்பட்ட நான், 2018-ல, ஒருத்தர் வாயால சொன்ன ஒரே ஒரு வார்த்தையை நம்பி 31,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ஒரு சோதனை இல்லை, ஒரு காகிதம் இல்லை. பி.காம். படிச்சு என்ன புண்ணியம்?

அதனால இன்னிக்கு நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். சோதனை பண்ணிக் காட்டாம எஞ்சின் ஹெட்டைக் கழட்ட யாருக்கும் சம்மதம் கொடுக்காதீங்க. அது தெருமுனைப் பட்டறையா இருந்தாலும் சரி, காபி கொடுத்து ஏ.சி. ரூம்ல உட்கார வைக்கிற சர்வீஸ் சென்டரா இருந்தாலும் சரி.

நடந்ததைச் சொல்லிடறேன்.

சொந்த ஊர் கோபி. பொழைப்பு மைசூர்ல. நம்மைப் போல மைசூர்ல இருக்கிற கொங்கு நாட்டுக்காரங்களுக்குக் கார் என்பது சொகுசு இல்லைங்க. தெற்கே போற ரயில் பாதை சாமராஜநகரோட நின்னு போச்சு. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியா மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போடணும்னு எத்தனையோ வருஷமாப் பேசறாங்க, இன்னும் போடலை. ரயில்ல ஈரோடு போகணும்னா பெங்களூரைச் சுத்தி, சேலத்தைத் தொட்டுத்தான் போகணும். கார்ல போனா சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தி, கோபி. மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டுல இருக்கலாம். நடுவுல இருக்கிறது திம்பம் மலைப்பாதையோட 27 கொண்டை ஊசி வளைவு மட்டும்தான்.

போகும்போது இறக்கம், பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போதுதான் ஏத்தம். 2018 மே மாசம், ஒரு கல்யாணத்தை முடிச்சுட்டு மைசூர் திரும்பறோம். டிக்கியில ஒரு மூட்டை அரிசி, தேங்காய், ஒரு வாழைத்தார், அம்மா கட்டிக் கொடுத்த மஞ்சள் தூள். பின் சீட்டுல மூணு பேர். வெளியே வெயில், உள்ளே ஏ.சி. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுட்டு மலை ஏற ஆரம்பிச்சோம். பத்தாவது வளைவுக்கு அப்புறம் டெம்பரேச்சர் முள் மெதுவா மேலே போச்சு. முன்னாடி ஒரு கரும்பு லாரி, முந்த முடியலை. பானெட்டிலிருந்து ஆவி. நிறுத்தி, ஆற வச்சு, தண்ணி ஊத்தி, ஒரு வழியா மைசூர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப். பேர் வேண்டாம். பானெட்டைத் திறந்தார், எட்டிப் பார்த்தார், ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணினார். மேலே சொன்ன மூணு வரியைச் சொன்னார். நான் தலையாட்டினேன். புதன்கிழமை எஞ்சினைப் பிரிச்சாச்சு. ஹெட் லேத்துக்குப் போச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஊர்ல இருந்து போன். அம்மாவுக்குப் பக்கவாதம். ஈரோட்டுக்குக் கொண்டு போறாங்க. "அவன் வந்துட்டானா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்.

கார் பட்டறையில பல் பிடுங்கின வாய் மாதிரி கிடக்கு. சாயங்காலம் தூத்துக்குடி ரயில்ல அன்ரிசர்வ்டு பெட்டியில நின்னுக்கிட்டே போனேன். பெங்களூர், ஓசூர், தர்மபுரி, சேலம்னு ஊரெல்லாம் சுத்தி ஈரோட்டுல இறங்கும்போது நடுராத்திரி தாண்டியாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்னு போயிருந்தது. கண்ணு மட்டும் என்னைப் பார்த்தது.

இதுக்கு அந்தப் பட்டறைக்காரர் மேல பழி போடறேன்னு நினைக்காதீங்க. பக்கவாதத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா அந்த எஞ்சினைப் பிரிச்சிருக்கணுமா இல்லையாங்கிற கேள்வி அன்னிக்கு ராத்திரியில இருந்து என் கூடவே இருக்கு.

ஏன்னா, மூணு வாரம் கழிச்சு அதே வண்டி, அதே மாதிரி மறுபடியும் கொதிச்சது!

இந்தத் தடவை ஒரு நண்பர் சொல்லி, பன்னிமண்டபம் பக்கம் ஒரு பெரியவர்கிட்டப் போனேன். மைசூர் யாதவகிரியில ஐடியல் ஜாவா கம்பெனி இருந்தது இல்லையா, 1961-ல இருந்து ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள் பண்ணின தொழிற்சாலை? அங்கே வேலை பார்த்தவர். 1996-ல கம்பெனியை மூடின பிறகு சொந்தப் பட்டறை. என் கதையை முழுசாக் கேட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"சரி சார். போன தடவை கேஸ்கட் போச்சுன்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது?"

எனக்குப் பதில் தெரியலை.

"பழைய கேஸ்கட்டைக் காட்டினாங்களா? எந்த இடத்துல எரிஞ்சிருந்தது?"

அதுக்கும் பதில் தெரியலை. பேங்க்ல ஆடிட்டர் முன்னாடி கூட நான் அப்படி முழிச்சதில்லை.

ரேடியேட்டர் வாயில ஒரு கைப்பம்பை மாட்டினார். அழுத்தம் ஏத்தினார். இருபது நிமிஷம் வச்சுப் பார்த்தார், முள் அசையலை. அப்புறம் ரேடியேட்டர் மூடியை அதே பம்புல மாட்டினார். 0.9 பார் தாங்க வேண்டிய மூடி, அதுல மூணுல ஒரு பங்குக்கே "புஸ்"ஸுன்னு விட்டுடுச்சு. சில நூறு ரூபாய் மூடி! அதை மாத்தினார். அந்த வண்டியை நான் விக்கிற வரைக்கும் திம்பத்துல ஒரு தடவை கூட அது கொதிக்கலை.

அப்போ முதல் தடவை கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்ததா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்லை. போயிருக்கலாம், மூடியால கொதிச்சுக் கொதிச்சு கேஸ்கட்டும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அந்த ஆள் என்னை ஏமாத்தினார்னு சொல்லக்கூட என்கிட்ட ஆதாரம் இல்லை. அதுதான் என் கோபமே.

கேஸ்கட் செய்யற வேலை

எஞ்சினுக்கு அடிப்பாகம் பிளாக், மேல்பாகம் ஹெட். ரெண்டுக்கும் நடுவுல வச்சு இறுக்கற மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். பழைய வண்டிகள்ல ஆஸ்பெஸ்டாஸும் செம்பும் கலந்தது இருந்தது. இப்போ பெரும்பாலும் பல அடுக்கு ஸ்டீல் தகடு. சிலிண்டருக்குள்ள எரியற வாயு, சுத்தி ஓடற கூலன்ட், ஆயில், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம காவல் காக்கிறது இதோட வேலை. ஒரு பக்கம் சுமார் ரெண்டாயிரம் டிகிரியில எரியற நெருப்பு, சில மில்லிமீட்டர் தள்ளித் தண்ணி. அதிகமாச் சூடானா அலுமினிய ஹெட் வளையும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக் மேல அலுமினிய ஹெட் இருக்கிற வண்டியில இந்த இழுபறி இன்னும் அதிகம்.

மூடி விஷயத்தையும் சொல்லிடறேன். குக்கர் தத்துவம்தாங்க. மைசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 760 மீட்டர் உயரம், இங்கே தண்ணி 97, 98 டிகிரியிலயே கொதிச்சிடும். 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டியில 92, 93-லயே கொதிக்கும். எஞ்சின் ஓடறதோ 90-க்கு மேல. அப்போ கொதிக்காம எது காப்பாத்துது? மூடி பிடிச்சு வச்சிருக்கிற அழுத்தமும், கூலன்ட்ல இருக்கிற கிளைக்காலும்தான். நல்ல மூடி கொதிநிலையை இருபது டிகிரிக்கு மேலயே ஏத்தி வச்சிருக்கும். மூடி செத்துப் போச்சுன்னா, வெயிட் போடாத குக்கர். (அதனாலதான் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கறாங்க. அழுத்தம் போன அடுத்த நொடி மொத்தமும் பொங்கி முகத்துல அடிக்கும்.)

ஆக, வண்டி கொதிச்சுது என்பதற்கும் கேஸ்கட் போச்சு என்பதற்கும் நடுவுல ஒரு பெரிய பட்டியல் இருக்கு. மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார், ஃபேன் ரிலே, வாட்டர் பம்ப், ஹோஸ் பைப், போர் தண்ணி ஊத்தி ஊத்தி உப்புப் படிஞ்ச ரேடியேட்டர், உள்ளே மாட்டிக்கிட்ட காத்து. டீசல் வண்டின்னா இ.ஜி.ஆர். கூலர் ஓட்டை வேற. அதுலயும் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும், பார்க்கிறவங்க கேஸ்கட்னே சொல்லுவாங்க.

ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடற சோம்பேறி கிளார்க் எல்லா பிராஞ்சுலயும் ஒருத்தர் இருப்பார். பட்டறை உலகத்துல அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்குப் பேர் ஹெட் கேஸ்கட்.

என்னென்ன சோதனை கேட்கணும்?

நான் மெக்கானிக் இல்லை. ஆனா பெரியவர்கிட்ட உட்கார்ந்து கேட்டு, அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இது. விலை குறைஞ்சதுல இருந்து வரிசையா.

1. கண்ணால பார்க்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டம். ஆயில் ஸ்டிக்ல ஆயில் பால் காபி மாதிரி இருக்கா? காலையில ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள, சூடே ஏறாம, ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? சூடான பிறகும் சைலன்சர்ல இனிப்பு வாசனையோட வெள்ளைப் புகை நிக்காம வருதா? இதெல்லாம் சந்தேகத்துக்கு இடம், தீர்ப்பு இல்லை. தினம் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடற வண்டியில, ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில ஈரம் சேர்ந்து வெண்ணெய் மாதிரி படியும். அதைக் காட்டி "பாருங்க சார், தண்ணி கலந்துடுச்சு"ன்னு சொன்னா நம்பிடாதீங்க. ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்க.

2. நீலத் தண்ணி சோதனை. பிளாக் டெஸ்ட்னு பேர். எஞ்சினைச் சூடாக்கி, ரேடியேட்டர்ல கூலன்டைக் கொஞ்சம் இறக்கி, வாயில ஒரு கண்ணாடிக் குழாயை வைப்பாங்க. அதுல புரோமோதைமால் புளூங்கிற நீலத் திரவம். ரப்பர் பந்தை அமுக்கி, ரேடியேட்டருக்குள்ள இருக்கிற காத்தை அந்தத் திரவம் வழியா ஒண்ணு ரெண்டு நிமிஷம் இழுக்கணும். எரிஞ்ச வாயு கூலன்டுக்குள்ள கசிஞ்சிருந்தா, அதுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும். டீசல்ல பச்சை தட்டினாலே சந்தேகம்தான். திரவம் நல்லதான்னு தெரிஞ்சுக்கணுமா? நீங்களே அதுல வாயால ஊதிப் பாருங்க, உங்க மூச்சுக்கே நிறம் மாறும். பள்ளிக்கூடத்துல சுண்ணாம்புத் தண்ணியில ஊதினோமே, அதே பாடம்தான். ஒண்ணு ஞாபகம் வைங்க: கூலன்டே குழாய்க்குள்ள ஏறிட்டா சோதனை கெட்டுப் போச்சு, புதுசா ஆரம்பிக்கணும். நீலமாவே இருந்தா முழு விடுதலையும் இல்லை. ஆயிலும் கூலன்டும் கலக்கிற ஓட்டையையும், வெளியே கசியற ஓட்டையையும் இந்தச் சோதனை பிடிக்காது.

3. அழுத்தச் சோதனை. எனக்குப் பெரியவர் பண்ணினது. கைப்பம்பால மூடியில எழுதியிருக்கிற அளவு வரைக்கும் அழுத்தம் ஏத்தி பதினஞ்சு, இருபது நிமிஷம் காத்திருக்கணும். முள் இறங்கினா எங்கேயோ கசிவு. வெளியே எங்கேயும் சொட்டலைன்னா ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி சிலிண்டருக்குள்ள பார்க்கணும். மூடியையும் தனியா மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

4. கம்ப்ரெஷன் டெஸ்ட். எல்லா ப்ளக்கையும் கழட்டி, பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் மாட்டி செல்ஃப் அடிக்கணும். பெட்ரோல் எஞ்சின்ல பொதுவா 150-ல இருந்து 200 பி.எஸ்.ஐ. வரைக்கும் வரும், வண்டிக்கு வண்டி மாறும். எண்ணை விட வித்தியாசம்தான் முக்கியம். சிலிண்டர்களுக்குள்ள 10, 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. அடுத்தடுத்த ரெண்டு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தா, நடுவுல கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தா, எண் ஏறினா ரிங் தேஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வோ கேஸ்கட்டோ.

5. லீக் டவுன் டெஸ்ட். பிஸ்டனை உச்சியில நிறுத்தி, ப்ளக் துவாரம் வழியா கம்ப்ரெசர் காத்தை விட்டு, எங்கே தப்பிக்குதுன்னு கேட்கிறது. சைலன்சர்ல சத்தம் வந்தா எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஸ்டிக் குழாய்ல வந்தா ரிங். ரேடியேட்டர்ல குமிழி வந்தா, அது கேஸ்கட் அல்லது விரிசல். இதை விடத் தெளிவான சாட்சி கிடையாது.

இதுல ரெண்டாவது ஒத்துப் போனாலே ஹெட்டைக் கழட்ட சம்மதிக்கலாம். ஒண்ணு மட்டும்னா இன்னொண்ணு கேளுங்க. கழட்டின பிறகும் வேலை முடியலை. ஹெட் வளைஞ்சிருக்கான்னு நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வச்சு உங்க முன்னாடி அளக்கணும். விரிசல் இருக்கான்னு லேத்துல பிரஷர் டெஸ்ட் பண்ணணும். போல்ட்டை டார்க் ரென்ச் போட்டு, மேனுவல்ல இருக்கிற வரிசைப்படி இறுக்கணும். நிறைய வண்டிகள்ல பழைய ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா சார்?"

நண்பர்கள்கிட்ட இதைச் சொன்னப்போ வந்த ஆட்சேபணைகளுக்கு வர்றேன்.

"அனுபவசாலி மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவார்." சொல்லலாம். நானும் கஸ்டமர் முகத்தைப் பார்த்தே இவர் கட்டுவாரா மாட்டாரான்னு சொல்லுவேன். அதுக்காக முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்க ரிசர்வ் பேங்க் விடுமா? அனுபவம் எதைச் சோதிக்கணும்னு சொல்லும். சோதனைக்குப் பதிலா உட்கார அதுக்கு உரிமை இல்லை. என் பெரியவருக்கு இல்லாத அனுபவமா? அவர்தான் பம்பை எடுத்தார்.

"சின்னப் பட்டறையில இந்தச் சாமானெல்லாம் இருக்காது." நீலத் திரவக் குழாயும் கம்ப்ரெஷன் கேஜும் யானை விலை குதிரை விலை இல்லைங்க. ஒரு கேஸ்கட் வேலைக்கு வாங்கற கூலியில ரெண்டையும் வாங்கிடலாம். ஆனா ஏன் வாங்கறதில்லை தெரியுமா? இங்கேதான் நம்ம தப்பு வருது.

பார்த்துச் சொல்றதுக்கு நாம காசு கொடுக்கிறதே இல்லை! "சும்மா பார்த்துச் சொல்லுப்பா, அதுக்குப் போய்க் காசா?" என்கிறோம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வச்சதுக்கே ஐநூறு கொடுக்கிற நாம, மெக்கானிக் ஒரு மணி நேரம் சோதிச்சு "கேஸ்கட் நல்லா இருக்கு, மூடியை மாத்துங்க"ன்னு சொன்னா, மூடி விலையோட ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்துட்டுக் கிளம்பறோம். பிரிச்சாத்தான் அவருக்குச் சாப்பாடு. அப்போ அவர் எதைக் கண்டுபிடிப்பார்? கமிஷன் எங்கே இருக்கோ அந்தப் பாலிசியைத்தான் ஏஜென்ட் விப்பார். இதைப் புரிஞ்சுக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம், காமர்ஸ் போதும். சோதனைக்குத் தனியாக் கூலி கொடுங்க. கை கூசாமக் கொடுங்க.

"கேஸ்கட் போச்சுன்னு டெஸ்ட்லயே வந்துடுச்சு. இனி என்ன, மாத்த வேண்டியதுதானே?" இல்லைங்க. கொன்னது யாருன்னு கேட்கணும். கேஸ்கட் பெரும்பாலும் தானாச் சாகறதில்லை. இங்கிலாந்துல ரோவர் கம்பெனியோட கே-சீரிஸ் எஞ்சின்னு ஒண்ணு. 1980-களோட கடைசியில வந்தது, இலேசான, கெட்டிக்கார எஞ்சின். ஹெட் கேஸ்கட் போறதுக்குப் பேர் போனது. அதுல கூலன்ட் அளவே குறைச்சல். வேற எங்கேயோ கொஞ்சம் கசிஞ்சாலும் சீக்கிரம் கொதிச்சு, கேஸ்கட் போயிடும். கசிவை விட்டுட்டுக் கேஸ்கட்டை மட்டும் மாத்தினவங்களுக்குத் திரும்பத் திரும்ப அதே செலவு. எம்.ஜி. ரோவர் 2005-ல திவாலானதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, ஆனா அந்தக் கேஸ்கட் கெட்ட பேர் கடைசி வரைக்கும் கூடவே வந்தது. (நம்ம புனேயில செஞ்ச டாட்டா இண்டிகாவை சிட்டிரோவர்னு பேர் மாத்தி 2003-ல அங்கே வித்ததும் அதே கம்பெனிதான்.) கேஸ்கட் மாத்தின பில்லுல, எதனால போச்சுங்கிறதுக்கு ஒரு வரி இல்லைன்னா அந்த வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேண்டாம் சார்"னு அதைக் கழட்டி எறியற வழக்கம், கசிவுக்கு ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போடற வழக்கம். மலைப்பாதையில, ராத்திரியில, வேற வழியில்லைன்னா மஞ்சள் தூள் போட்டு ஊர் போய்ச் சேருங்க. ஆனா அதையே வைத்தியமா வச்சுக்காதீங்க. கசிவை மட்டுமா அடைக்கும்? ரேடியேட்டர் குழாயையும் சேர்த்து அடைக்கும்.

"நமக்குக் கன்னடம் சரியா வராது. வெளியூர்க்காரன், கேள்வி கேட்டா வம்பு." இதுதான் உண்மையான காரணம், இல்லையா? எனக்கும் அதேதான். ஊர்ல இருந்தா மாமா, மச்சான், பங்காளி யாராவது ஒருத்தர் கூட வந்து நாலு கேள்வி கேட்டிருப்பார். இங்கே நாம தனி ஆள். தலையாட்டறது சுலபம். மூணே வாக்கியம் கத்துக்கங்க, போதும்:

"மொதலு டெஸ்ட் மாடி, ஆமேலெ பிச்சி." (முதல்ல சோதிங்க, அப்புறம் பிரிங்க. நம்ம ஊர்ப் பிச்சிப்பூ இல்லைங்க இது!)

"ஹளே கேஸ்கட் நனகெ கொடி." (பழைய கேஸ்கட்டை எனக்குக் கொடுங்க.)

"பில் கொடி."

மரியாதையாச் சொல்லுங்க. மைசூர்க்காரங்க மாதிரி மரியாதை தெரிஞ்ச ஜனங்களைப் பார்க்க முடியாது. பதிமூணு வருஷத்துல, சோதிச்சுக் காட்டுங்கன்னு கேட்டதுக்கு யாரும் என்னைத் திட்டினதில்லை. தயங்கினவங்க ரெண்டு பேர் உண்டு. அவங்ககிட்ட இருந்து வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

பில் ஏன்?

2020 ஜூலையில நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செஞ்ச சேவைக்கு பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. வெளியூர்ல இருக்கிற நமக்கு அதுல இன்னொரு நல்ல விஷயம் இருக்கு. சத்தியில ரிப்பேர் பண்ணியிருந்தாலும், நீங்க குடியிருக்கிற மைசூர்லயே மாவட்ட ஆணையத்துல புகார் கொடுக்கலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். முதல்ல 1915-க்குப் போன் பண்ணிப் பாருங்க. ஆனா பில்லும் சோதனை முடிவும் இல்லாம அங்கே போய் நின்னா, நான் பெரியவர் முன்னாடி முழிச்ச மாதிரித்தான் முழிக்கணும். இன்ஷூரன்ஸ் இருக்குன்னும் நினைக்காதீங்க. சாதாரண வண்டிப் பாலிசி மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குக் காசு தராது.

கடைசியா நம்ம பங்கு. முள் சிவப்புக்குப் போயும், "இன்னும் நாலு வளைவுதான், மேலே போய் நிறுத்திக்கலாம்"னு மிதிக்கிறோம் பாருங்க, அங்கேதான் நல்ல கேஸ்கட்டும் போகுது. பந்திப்பூர் வழியா ஊட்டி போறவங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு கேட் மூடிடுவாங்கங்கிற அவசரம் வேற. 2009-ல இருந்து இருக்கிற தடை அது, நேரத்தோட கிளம்பறதுதான் வழி. முள் ஏறினா ஏ.சி.யை அணைங்க, ஹீட்டரை முழுசா வைங்க, இடம் பார்த்து நிறுத்துங்க, நல்லா ஆறட்டும். அரை மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டு அரை மாசச் சம்பளத்தைக் கொடுக்காதீங்க.

அம்மா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாங்க. பேச்சு சரியாத் திரும்பலை. நான் வாசல்ல கார் நிறுத்தற சத்தம் கேட்டா மட்டும் கட்டில்ல இருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாங்கன்னு அக்கா சொல்லுவா.

மே மாசம் எல்லாரும் ஊருக்குக் கிளம்புவீங்க. முந்தின நாள் காலையில, எஞ்சின் ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து கூலன்ட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. ரேடியேட்டர் மூடியோட ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாருங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.